பேச்சுக்கு ஒரு வேளை

கணக்குப் பிரிவுகளுக்குக் கணினி வந்து சேராத காலத்தில் நான் சில வருஷங்கள் ஒரு காரியாலயத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தேன். நீண்ட கூடம், இரு சாரியாக மேஜைகள், கடைசி மேஜைக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு முக்காலியின்மேல் மண்பானையும் அதன் வாயில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரும். அந்தக் கடைசி மேஜை என்னுடையது. மார்ச் மாதக் கணக்கை முடிக்கும் நாட்களில், பக்கத்துக்கு நாற்பது வரியாக இறங்கும் தொகைகளை மேலிருந்து கீழாக ஒரு தரமும் கீழிருந்து மேலாக ஒரு தரமும் கூட்டி, இரண்டும் ஒத்துப்போனால் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். முப்பதாவது வரியை நான் தொடும் சமயத்தில், தண்ணீர் குடிக்க வந்த இருவர், எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதே என்ற நல்லெண்ணத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையன் ரயில்வேயில இருக்கான், சம்பளமெல்லாம் சரிதான், ஆனா அந்த அம்மாதான்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஒரு ஸ்நானப்பிராப்தியும் கிடையாது. ஆயினும், "கையில் நாலு" என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டிருந்தேனே, அந்த நாலு எங்கோ போய்விடும். மறுபடி முதல் வரி.

எங்கள் ஹெட் கிளார்க் மௌனத்தை உபாசித்தவர். மின்விசிறி சுழலும் ஓசையும் பேனா கீறும் ஓசையும் தவிர வேறெதுவும் காதில் விழாத கூடமே வேலை நடக்கிற கூடம் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். இரண்டு தலைகள் சேர்ந்து குனிவதைக் கண்டால் தொண்டையைக் கனைப்பார், அதற்கும் கலையாவிட்டால், "என்ன சார், மாநாடா?" என்பார். தாகத்தை மட்டும் அவரால் கண்டிக்க முடியவில்லை. ஆகவே பிரிவில் அடக்கப்பட்ட பேச்சு முழுவதும் பானையடிக்கு, அதாவது என் முதுகுக்குப் பின்னால், வந்து குவிந்தது.

அந்நாட்களில் நான் அவர் கட்சிதான். பேச்சை இன்னும் கடுமையாக அடக்க வேண்டும் என்றுகூட எண்ணியிருக்கிறேன். பிறகு ஒரு மே மாதத்தில், காணாமற்போன ஒரு வவுச்சரைத் தேடி நான் மூன்று நாள் அலைந்தேன். என் மேஜைக்கு இரண்டு கஜ தூரத்தில் உட்கார்ந்திருந்த நண்பரும் அதே மூன்று நாள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் டீக்கடை பெஞ்சில், "எங்கிருந்தோ ஒரு வவுச்சர் வந்து உட்கார்ந்திருக்கு, யாருடையதுன்னே தெரியலை" என்று அவர் அலுத்துக்கொண்டபோதுதான், நான் தொலைத்ததையே அவர் வைத்துக்கொண்டு சொந்தக்காரரைத் தேடுகிறார் என்பது விளங்கிற்று. ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் தீர்ந்த விவகாரம் அது. கூடத்தின் புனிதமான மௌனத்தில் மூன்று நாள் தீராமல் கிடந்தது.

கூட்டலைக் கெடுத்ததும் பேச்சு, வவுச்சரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் பேச்சு. எவ்வளவு பேசலாம் என்று கேட்டால் இதற்கு விடை வராது. எந்த வேலையின் நடுவில், எவர் காதுபட, எந்த வேளையில் என்று கேட்டால், சென்ற நூறு வருஷத்தில் மனோதத்துவ சாஸ்திரமும் தொழில் நிர்வாக ஆராய்ச்சியும் சேகரித்து வைத்திருக்கும் விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்குகின்றன.

என் "கையில் நாலு" போன வழியை முதலில் பார்ப்போம். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு ஆங்கிலேய மனோதத்துவ நிபுணர்கள் 1974ல் வெளியிட்ட சித்தாந்தத்தின்படி, ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்கு வேண்டியவற்றை அப்போதைக்கப்போது ஏந்தி வைத்திருக்கும் செயல்நினைவு என்ற ஒன்று நமக்கு இருக்கிறது. அதன் ஓர் அங்கம் சொற்களையும் எண்களையும் ஒலி உருவத்தில் வைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அதில் கொள்ளும். உள்குரலால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால்தான் அது அழியாமல் நிற்கும். கடைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, "கால் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ துவரம்பருப்பு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறதே, அந்தக் குழந்தையை நாம் யாரும் விட்டுவிட்டு வளர்ந்துவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த உள்குரல் வரிசையாக எழுத்துக்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1976ல் கோல், வெல்ஷ் என்ற இருவர் பரிசோதித்தார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு எழுத்து வரிசைகளைக் கண்ணுக்குக் காட்டி, அவற்றை நினைவில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜெர்மன் மொழியில் எதையோ வாசிக்கவிட்டார்கள். மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. இருந்தும் தவறுகள் பெருகின. பின்னர் நடந்த பரிசோதனைகளில் இன்னும் சில விநோதங்கள் வெளிப்பட்டன. ஒரே சீராக இரைகிற சத்தம் இவ்விதம் தொல்லை தருவதில்லை; ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் தருகிறது. ஹெட் கிளார்க்கின் மின்விசிறி நிரபராதி என்பது இதனால் தெளிவாகிறது. மேலும், பேச்சு காதில் விழும் மட்டும், அது உரத்து ஒலித்தாலும் தணிந்து ஒலித்தாலும் கெடுதல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பானையடி நண்பர்கள் எனக்காகக் குரலைத் தாழ்த்தியது மரியாதைக்கு உதவியதே தவிர, கூட்டலுக்கு உதவவில்லை.

பாதிப் பேச்சின் உபத்திரவம் தனி. டெலிபோனில் ஒருவர் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்கிறவர்கள், இரு தரப்புப் பேச்சையும் கேட்கிறவர்களைவிட அதிகமாகக் கவனம் சிதறுகிறார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் சகாக்களும் 2010ல் காட்டினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது மனத்தின் சுபாவம். ஊகிக்க முடியாதபோது அது மேலும் வலுவாகக் கட்டுண்டு போகிறது. செல்போனில், "அப்படியா? ஐயோ! எப்போ?" என்று ஒரு சக ஊழியர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை எழுதி முடித்தவர் எவரேனும் இருந்தால் அவர் யோகிதான்.

இதற்கு நேர்மாறான காட்சி வயல்வெளியில் உண்டு. நாற்று நடும் பெண்கள் காலையிலிருந்து பேசுகிறார்கள், கேலி செய்கிறார்கள், பாடுகிறார்கள். கை ஒரு கணமும் நிற்பதில்லை. பழகிய கைவேலை உள்குரலைக் கேட்பதில்லை; ஆகவே குரல் சும்மா இருக்கிறது; சும்மா இருக்கும் குரல் ஊர்க்கதையில் ஈடுபட்டால் நாற்றுக்கு நஷ்டமில்லை, இடுப்பு வலி மறப்பது லாபம். வயல் நியாயத்தைக் கணக்குப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவின் நியாயத்தை வயலுக்கும் மாற்றிப் பிரயோகிப்பதால் விளைந்த சங்கடங்கள் தொழில் சரித்திரத்தில் ஏராளம்.

நிர்வாகத்தை ஒரு சாஸ்திரமாக்கப் புறப்பட்ட அமெரிக்கர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், இந்த வித்தியாசத்தை அரைகுறையாகவேனும் உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. 1911ல் அவர் வெளியிட்ட நூலில், சைக்கிள்களுக்கான எஃகுக் குண்டுகளைச் சோதிக்கும் பெண்களைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. இடது கையின் விரல்களைச் சேர்த்து, புறங்கையில் இரு விரல்களுக்கிடையே விழும் பள்ளத்தில் ஒரு வரிசைக் குண்டுகளை வைத்து, பளிச்சென்ற வெளிச்சத்தில் அவற்றை உருட்டி உருட்டிப் பார்த்து, கீறலோ விரிசலோ உள்ளதை வலது கையிலுள்ள காந்தத்தால் பொறுக்கி எடுக்க வேண்டும். பத்தரை மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை நேரம் எட்டரை மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை செய்யும்போது சௌகரியமாகப் பேச முடியாத தூரத்தில் ஒவ்வொருவரும் உட்காரவைக்கப்பட்டார்கள். அதோடு, ஒன்றேகால் மணிக்கு ஒரு முறை பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்து, எழுந்து உலாவவும் பேசவும் அவர்களை உற்சாகப்படுத்தினார்கள். 120 பேர் செய்த வேலையை 35 பேர் செய்தார்கள் என்பது டெய்லரின் கணக்கு. மீதி 85 பேர் வீட்டுக்குப் போனதை அவர் சாதாரணமாகச் சொல்லிச் செல்வது என் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் டெய்லரின் பெயரைக் கேட்டாலே நிறுத்தக் கடிகாரத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள், அரட்டைக்கு அட்டவணையில் இடம் ஒதுக்கியவரும் அவரே என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

பதினாறு வருஷத்துக்குப் பின், சிகாகோவை அடுத்த சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில், இதே விஷயம் வேறு உருவத்தில் எழுந்தது. 1927ல் ஐந்து பெண்களைப் பெரிய கூடத்திலிருந்து பிரித்து ஒரு தனி அறையில் அமர்த்தி, டெலிபோன் ரிலேக்களைப் பூட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய 35 உறுப்புகள் கொண்ட அந்தச் சிறு கருவியைப் பூட்ட ஒரு நிமிஷம் பிடிக்கும். பூட்டி முடித்ததும் அதை ஒரு சரிவுக் குழாயில் போட்டால், அது விழுகிறபோது நகர்ந்துகொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு துளை விழும். பேச்சுக்கும் மௌனத்துக்கும் நடுநிலையான சாட்சி அந்த நாடா. ஓய்வு நேரங்களைக் கூட்டியும் குறைத்தும், காலையில் சிற்றுண்டி கொடுத்தும், வேலை நேரத்தைச் சுருக்கியும் பார்த்தார்கள். சிற்சில ஏற்ற இறக்கங்களோடு உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. அறையில் பழைய மேஸ்திரியின் அதட்டல் இல்லை. பெண்கள் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள். மனிதர்களை மனிதர்களாக நடத்தினால் உற்பத்தி பெருகும் என்பதற்கு இது தலைசிறந்த அத்தாட்சியாக உலகமெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோவின் புகழ் பெரும்பாலும் இதன்மேல் எழுந்ததே.

பாடநூல்கள் அவ்வளவாக உரக்கச் சொல்லாத ஒன்று உண்டு. அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்ற குற்றச்சாட்டில் அந்த ஐவரில் இருவர் 1928 ஜனவரியில் அறையிலிருந்து நீக்கப்பட்டு, வேறு இருவர் கொண்டுவரப்பட்டார்கள்; வந்தவர்கள் வேகமானவர்கள். கூலியும், பெரிய கூட்டத்தின் மொத்த உற்பத்தியைச் சார்ந்திராமல், இந்த ஐவரின் உற்பத்தியைச் சார்ந்ததாக மாற்றப்பட்டிருந்தது. ஆக, நாடாவில் பெருகிய துளைகளில் எவ்வளவு சிநேகத்தால் விழுந்தவை, எவ்வளவு காசால், எவ்வளவு ஆள் மாற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. 1967ல் அலெக்ஸ் கேரி என்பவர் இதை எடுத்துக்காட்டி மிகவும் கடுமையாக எழுதினார். பேச்சுரிமையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்பட்ட பரிசோதனையிலிருந்தே இரண்டு பேர் பேசியதற்காக வெளியேற்றப்பட்டார்கள் என்பது சாமானியமான முரண் அல்ல. ஆயினும் தங்கியவர்கள் பேசிக்கொண்டே வேகமாகப் பூட்டினார்கள் என்பதும் நாடாவில் பதிந்திருக்கிறது; பழகிய கைவேலைதானே அது.

அதே தொழிற்சாலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை பதினான்கு ஆண்களை ஒரு அறையில் வைத்துக் கவனித்தார்கள். அங்கும் பேச்சுக்குக் குறைவில்லை; ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சச்சரவு, பந்தயம், கேலி எல்லாம் நடந்தன. ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளிருந்து பிறந்தது, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் செய்யக்கூடாது என்ற எழுதாத சட்டம். மீறுகிறவனின் மேற்கையில் ஒரு குத்து விழும். அடியைவிட அவமானம்தான் அதிகம். அதிகம் செய்துகாட்டினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ஆட்களைக் குறைப்பார்கள் என்பது அவர்களுடைய பயம். பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த அந்த வருஷத்தில் அது மூடபயம் என்று எவர் சொல்வார்? கூடிப் பேசுகிறவர்கள் நிர்வாகம் விரும்புவதையே பேசி முடிவு செய்வார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. குழுவில் சுமுகம் வளர்ந்தால் உற்பத்தி தானே வளரும் என்று பயிற்சி வகுப்புகளில் உபதேசிக்கிறவர்கள், இந்தப் பதினான்கு பேரைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

வவுச்சருக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் அறிஞர், நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளோடு சேர்ந்து அலைந்து, அவர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கவனித்து, 1996ல் ஒரு நூலாக வெளியிட்டார். கம்பெனி அவர்களுக்குத் தடிமனான கையேடுகளைக் கொடுத்திருந்தது: இயந்திரம் இந்தக் குறியீட்டைக் காட்டினால் இந்த உறுப்பைப் பார், அது சரியாக இருந்தால் அடுத்ததைப் பார் என்று படிப்படியாக. இயந்திரங்களோ கையேட்டை வாசித்தவை அல்ல. ஒரு இடத்துக் கோளாறை வேறொரு இடத்துக் குறியீடாக அறிவிக்கும் இயந்திரத்தின் முன், மெக்கானிக்கும் அவருக்கு மேற்பட்ட நிபுணரும் உட்கார்ந்து, "முன்பு ஒரு இயந்திரம் இப்படித்தான் செய்தது" என்று மாற்றி மாற்றிக் கதை சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அந்தக் கதைகளின் நடுவிலிருந்து நோயைப் பிடிக்கிறார்கள். காலைச் சிற்றுண்டிக்கு அவர்கள் ஒன்றாக உட்காரும்போது நடப்பதும் இதே: பாதி வம்பு, பாதி வைத்திய சாஸ்திரம், எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. இதை உணர்ந்த ஆராய்ச்சி நிலையத்தார், தனித்தனி இடங்களில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்கும்படி ரேடியோக் கருவிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கனைப்பதற்குப் பதிலாக ரேடியோ கொடுத்த மேலதிகாரிகள் இருந்திருக்கிறார்கள் என்பதை எங்கள் ஹெட் கிளார்க் நம்பியிருக்கமாட்டார்.

டெய்லரின் பத்து நிமிஷ ஓய்வு ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பின் ஒரு வங்கியின் டெலிபோன் சேவை நிலையத்தில் திரும்பிவந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்ஸ் பென்ட்லண்டும் அவருடைய குழுவினரும், யார் யாரோடு எவ்வளவு நேரம் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதைப் பதிவு செய்யும் ஒரு பட்டையை ஊழியர்களின் கழுத்தில் மாட்டினார்கள். பேசிய சொற்களை அது பதிவு செய்வதில்லை என்கிறார்கள். இருந்தாலும் கழுத்தில் காதைக் கட்டிக்கொண்டு காபி குடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த நிலையத்தில், டெலிபோன்கள் ஆளில்லாமல் கிடக்கக்கூடாதென்று ஒருவர் பின் ஒருவராக ஓய்வுக்கு அனுப்பிவந்தார்கள். அதனால் ஒவ்வொருவரும் தனியாகக் காபி குடித்துவிட்டு வந்தார்கள். பென்ட்லண்டின் யோசனையின்பேரில் ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வேளையில் ஓய்வு கொடுக்கப்பட்டது. வேறெதையும் மாற்றவில்லை. ஒரு அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம், பின்தங்கிய குழுக்களில் 20 சதவிகிதத்துக்கு மேலும், நிலையம் முழுவதற்குமாக 8 சதவிகிதமும் குறைந்தது. கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பயிற்சி வகுப்பைவிடப் பக்கத்து நாற்காலிக்காரர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வேளை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சுவர்களை இடித்துவிட்டால் எல்லோரும் எப்போதும் பேசிப் பழகுவார்கள் என்று ஒரு காலத்தில் கட்டடக் கலைஞர்கள் நம்பினார்கள். முதலாளிகளுக்கும் வாடகை மிச்சமாயிற்று. அப்படி மாறிய இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகளை ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் ஆராய்ந்து 2018ல் வெளியிட்ட முடிவின்படி, திறந்த கூடத்துக்கு வந்தபின் நேரில் பேசுவது ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைந்துபோயிற்று. பக்கத்திலிருப்பவருக்கே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார்கள். எல்லோர் காதிலும் விழும் என்று தெரிந்த இடத்தில் மனிதன் வாயைத் திறப்பதில்லை. காதில் செருகியைச் செருகிக்கொண்டு தானே தனக்கு ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறான்.

குறுக்கீடு பற்றியும் ஒரு வார்த்தை. வேலையின் நடுவில் வந்து கேள்வி கேட்டால் வேலை தாமதப்படும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். க்ளோரியா மார்க் என்ற பேராசிரியை 2008ல் சகாக்களோடு வெளியிட்ட பரிசோதனையில், குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓடினார்கள். விலை வேறு கணக்கில் ஏறியது: பதற்றமும் எரிச்சலும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. கோப்பு நேரத்துக்கு மேஜையைவிட்டுப் போய்விடுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைக்கும் அதிகாரிக்கு, மாலையில் அந்த ஊழியர் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளிடம் எரிந்து விழுவது எந்தப் பதிவேட்டிலும் தெரிவதில்லை.

எங்கள் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்று, வேறு பிரிவிலிருந்து ஒரு அம்மாள் அந்த நாற்காலிக்கு வந்தார். மேற்சொன்ன ஆராய்ச்சிகளில் எதையும் அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. முதல் வாரம் முழுவதும் ஒன்றும் சொல்லாமல் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் பியூனைக் கூப்பிட்டு, பானையையும் முக்காலியையும் தூக்கி வெளியே வராந்தாவில், வேப்பமர நிழல் விழும் மூலையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். "பதினொன்றரை வரைக்கும் யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், கூட்டல் போடறவங்க போடட்டும்" என்பது அவர் இட்ட ஒரே உத்தரவு. பதினொன்றரைக்குத் தம்முடைய டம்ளரை எடுத்துக்கொண்டு அவரே முதலில் எழுந்து போவார். அதற்குப் பிறகு மற்றவர்கள் போகாமலிருக்க முடியுமா?

அந்த வராந்தாவில்தான், நிலக்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டிருந்த ஒரு நாள், ரயில்வே பையனின் தாயாரைப் பற்றி அன்றைக்குச் சொல்லவந்தது என்ன என்று நண்பரிடம் கேட்டேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த அம்மா சார்?" என்றார்.